அம்மாவின் பெயருக்கு முன்னால்

"அம்மா இருக்காங்களா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தமிழில் கேட்டதும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

ஜெர்மனில் கேட்டிருந்தால் கூசாமல் சொல்லியிருப்பேன். ஹம் நகரத்திலிருந்து ரயிலில் வரும்போது முழுக்க ஜெர்மனில்தான் பாடமாக்கிக்கொண்டு வந்தேன். இந்தியத் தூதரகத்தில் ஒரு தமிழர் இருப்பார், சூசைதாசன் என்ற என் பெயரைப் பார்த்துவிட்டுச் சிரித்த முகத்தோடு தமிழில் கதைப்பார் என்று ஆர் கண்டது?

நான் கேட்டு நின்றது சுற்றுலா விசா. தாஜ்மகாலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பார்க்கப்போவது அம்மாவைத்தான்.

அகதிக்கு ஜெர்மன்காரன் தருகிற நீலப் பாஸ்போட்டில், இது இலங்கை தவிர்ந்த எல்லா நாட்டுக்கும் செல்லும் என்று எழுதியிருக்கிறது. சண்டை நின்று, பாதை திறந்து, ஜெர்மன் குடியுரிமை எடுத்த சனமெல்லாம் ஊருக்குப் போய் வருகிறது. எனக்கு மட்டும் ஏலாது. அதனால் அம்மா மன்னாரிலிருந்து திருச்சிக்கு வருவது, நான் இங்கிருந்து திருச்சிக்குப் போவது என்று ஏற்பாடு. நீலப் பாஸ்போட்காரர் எல்லாரும் செய்வதுதான். மீசை அரும்பின வயதில் விட்டுவந்த தாயை, தலை நரைத்த பிறகு ஏதோ ஒரு லொட்ஜ் அறையில் வைத்துப் பார்ப்பது.

அம்மாவுக்குப் போன மாதமே கொழும்பில் விசா கிடைத்துவிட்டது. மிச்சம் நான்தான்.

ஹம்மில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற அல்பேர்ட் அண்ணை, விசா விசயத்தில் பெரிய ஆள் என்று எங்களுக்குள் ஒரு நம்பிக்கை. அரிசி மூட்டையை இறக்கி வைத்தபடி அவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"இலங்கையில ஆரும் இருக்கினம் எண்டு வாய் தவறியும் சொல்லிப்போடாதை. தாய் தகப்பன் ரெண்டு பேரும் இல்லை எண்டு சொல்லு. இல்லாட்டி உன்ர ஃபைல் டெல்லிக்குப் போகும். போனா வராது."

அப்பா உண்மையாகவே இல்லை. அதைச் சொல்வதில் கஷ்டம் இருக்கவில்லை.

"அம்மா..." என்றேன். "இல்லை."

அவருடைய முகம் வாடிவிட்டது. எப்போது தவறினார் என்று மெதுவாகக் கேட்டார். போன வருசம் என்றேன். நெஞ்சுவருத்தம் என்றும் சேர்த்துச் சொன்னேன். ஆர் கேட்டது அதை? தொடங்கின பொய் தன்பாட்டில் ஓடியது.

"இதைப் போட மறந்துட்டீங்களே சார்" என்று சொல்லி, அவர் என்னுடைய விண்ணப்பத்தைத் தன் பக்கம் திருப்பினார். பேனாவை எடுத்தார். பற்றிமா என்று நான் எழுதியிருந்த அம்மாவின் பெயருக்கு முன்னால் 'லேட்' என்று எழுதினார். மரியாதையாக, வடிவான எழுத்தில்.

பொறுங்கோ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அந்தப் பேனா போய்த் திரும்பும்வரை வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எனக்குப் பின்னால் வரிசையில் கம்ப்யூட்டர் கம்பனிப் பொடியன்கள் இரண்டு பேர் தமிழில் ஏதோ சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தவர்கள், சட்டென்று அமைதியானார்கள். எனக்காகத்தான். அந்த மரியாதையில் எனக்குக் காது சுட்டது.

"உங்க ஊர்க்காரங்க நிறையப் பேரு அம்மா அப்பாவைப் பார்க்கத்தான் திருச்சிக்குப் போறாங்க சார். வெளிப்படையாச் சொன்னாலே நாங்க குடுத்துடுவோம். உங்களுக்குத்தான் அந்தக் குடுப்பினை இல்லாமப் போச்சு" என்றார். வேளாங்கண்ணிப் பக்கம் போனால் அம்மாவுக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுக்கச் சொன்னார். பின்னேரம் வந்து பாஸ்போட்டை வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்வது?

வெளியே வந்து அல்பேர்ட் அண்ணையை மனதுக்குள் தூசணத்தால் பேசிப் பார்த்தேன். ஆறவில்லை. சொல்லித் தந்தது அவர், சொன்ன வாய் என்னுடையது. இப்படி ஒரு வெட்கம் அகதி முகாமில் சாப்பாட்டு வரிசையில் நின்றபோதும் வரவில்லை.

பின்னேரம் விசா கையில் கிடைத்ததும் ஸ்டேசனில் நின்று அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"கிடைச்சிட்டுதம்மா."

அம்மா சந்தோசத்தில் அழுவா என்று நினைத்தேன். அம்மா குரலைத் தாழ்த்தினா.

"தம்பி, உன்னட்ட ஒண்டு சொல்லவேணும். கோவிக்கப்படாது."

"சொல்லுங்கோ."

"கொழும்பில கேட்டவங்கள், வெளிநாட்டில பிள்ளையள் இருக்கினமோ எண்டு. இருக்கெண்டு சொன்னா, திரும்பி வரமாட்டாய் எண்டு மறிப்பாங்கள் எண்டு கூட நிண்ட சனம் சொன்னது. ஒரே மகன், கடலுக்குப் போனவன் திரும்பி வரேல்லை எண்டு சொல்லிப்போட்டன்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அண்டையிலயிருந்து சோறு இறங்கேல்லை ராசா. பங்குச் சுவாமியிட்டப் பாவசங்கீர்த்தனமும் செய்திட்டன். எண்டாலும் உன்னட்டச் சொல்லாமல் அங்க வந்து உன்ர முகத்தில முழிக்க ஏலாது."

"அதுக்கென்னம்மா, விசாவுக்குத்தானே" என்றேன். பெரிய மனசுக்காரன் மாதிரி.

அம்மா மூக்கைச் சிந்துவது கேட்டது. பிறகு குரல் கொஞ்சம் தெளிந்தது.

"உன்னட்ட என்ன கேட்டவங்கள்? என்னைப் பற்றியும் கேட்டவங்களோ?"

இப்போது நானும் சொல்லிவிடலாம். அம்மா கோவிக்கமாட்டா, சிரிக்கவும் கூடும்.

"ஓம் அம்மா" என்றேன். "நல்ல சுகமா இருக்கிறா எண்டு சொன்னனான்."