வலிக்காத சீட்

ஸ்டாண்டில் நிறுத்திய சைக்கிளில் மூன்றாவது தோல் சீட்டையும் மாட்டி மிதித்துப் பார்த்துவிட்டு கிருபாசங்கர் உதட்டைப் பிதுக்கினான்.

“எதுல உக்காந்தாலும் அரைமணி நேரத்துல குத்த ஆரம்பிச்சுருதுங்க அம்மணி. ஞாயித்துக்கெழமை பண்ணாரியில இருந்து திம்பத்துக்கு மலை ரேஸு. நாலு வருசமா நாந்தான் ஃபர்ஸ்ட்டு. இந்தத் தடவை விட்டுப்போட்டா மானம் போயிருமுங்க.”

யுவஸ்ரீ தலையாட்டினாள். ஆர்.எஸ்.புரத்து சைக்கிள் கடையில், வருகிறவர்களின் உடம்பை அளந்து சீட் பொருத்தித் தருவது அவள் வேலை.

அவன் உள்ளே நுழைந்ததுமே அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவனுக்குத்தான் அவளைத் தெரியவில்லை.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் மாவட்டப் பெண்கள் சைக்கிள் அணிக்குப் பயிற்சி கொடுத்தவன் அவன். அவளுக்கு அப்போது பதினேழு வயது. ஆண்களுக்கான ஒடுக்கமான சீட்டையே பெண்களுக்கும் மாட்டிவிட்டிருந்தார்கள். தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. வெட்கத்தை விட்டு அவனிடம் போய்ச் சொன்னாள்.

அவன் அதை மைதானம் முழுக்கக் கேட்கும்படி திருப்பிச் சொல்லிச் சிரித்தான்.

மறுநாள் ஒட்டிய அணிப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. வீட்டில் சைக்கிளை விற்றுவிட்டார்கள்.

கிருபாசங்கர் முதல் சீட்டைத் தடவிக்கொண்டிருந்தான். தடித்த தோல், செம்பு ஆணிகள், பார்க்கவே ராஜகம்பீரம். “இதையே மாட்டிருங்களேன்.”

புதுத் தோல், பலகை மாதிரி இறுகியிருக்கும். ஓட்டி ஓட்டி உடம்புக்குப் பழக இரண்டு மாதமாவது வேண்டும். ரேஸுக்கு நான்கே நாள். “அருமையான சீட்டுங்க சார்” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பத்தாவது வளைவிலேயே இறங்கிவிடுவான்.

அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது.

ஆனால் இறங்குகிறவன் சீட்டைத்தான் குறை சொல்வான்.

அவள் ஒரு அட்டையை ஸ்டூலில் விரித்து அவனை உட்காரச் சொன்னாள். எழுந்ததும், எலும்பு அழுந்திய இரண்டு பள்ளங்களுக்கு இடையே அளந்தாள். பதின்மூன்றரை சென்டிமீட்டர். இரண்டாவது சீட் அவனுக்கு அகலம், தொடையில் உரசும். மூன்றாவதுதான் சரி. நடுவில் பிளவுள்ள மெல்லிய தோல். வருகிறவர்கள் உட்கார்ந்து பார்த்து ஒரு வருடமாகப் பழகியது. அது குத்தியதற்குக் காரணம், முனை மேலே தூக்கியிருந்தது.

முனையை ஒரு நூல் தாழ்த்தினாள். சீட்டைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளினாள். மிதிக்கச் சொன்னாள். மறுபடி இறக்கி, மறுபடி ஏற்றினாள். எந்த வாடிக்கையாளருக்கும் அவள் இவ்வளவு பாடுபட்டதில்லை.

ஸ்டாண்டில் நாற்பது நிமிடம் மிதித்துவிட்டு கிருபாசங்கர் முகமெல்லாம் சிரிப்பாக இறங்கினான். “துளி வலி இல்லீங்க!”

“அதை இங்க எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார்.”

அளவு குறிக்கும் கடைப் படிவத்தில் அப்படி ஒரு இடமே கிடையாது. அடியில் அவளே பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தாள். ‘சீட் கச்சிதம். வலி இல்லை’ என்று எழுதி, தேதியும் போட்டு அவன் கையெழுத்திட்டான்.

அவள் அதை இரண்டு முறை படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

சைக்கிளை வெளியே உருட்டும்போது அவன் போனைப் பார்த்துச் சிரித்தான். “இந்த வருசம் பொம்பளைங்களையும் எங்க கூடவே ஒண்ணா விடறாங்களாமுங்க. ஒரே ஒரு புள்ள பேரு குடுத்திருக்குது. யாரோ யுவஸ்ரீயாம். உங்களுக்குத் தெரியுமுங்களா?”

“தெரியுமுங்க சார்,” என்றாள் அவள், கதவை அகலத் திறந்து பிடித்தபடி. “போன வாரம் ப்ராக்டீஸ்ல உங்க ரெக்கார்டு நேரத்தவிட ரெண்டு நிமிசம் முன்னாலயே திம்பம் ஏறிட்டாங்க.”