ஐந்து பயிற்சிகள்

'மார்ச் 12. தவறு: இடுப்பு வலியை மூன்று வாரம் மறைத்தேன்.' உட்கார முடியாததால் அவள் நின்றுகொண்டே டைரி எழுதினாள்.

"செருப்பு மாட்டக் குனிய முடியல, மகாராணி வேலைக்குக் கிளம்பிட்டாங்க!" என்றாள் அண்ணி. "வா, டாக்டர்கிட்ட போலாம்."

"ஆபரேஷன்னு சொல்லிட்டா என் வேலையே போயிடும் அண்ணி."

"அதை அவர் சொல்லட்டும். நீயா கதை கட்டாதே."

தன்னைத் தெரியாத டாக்டர்தான் வேண்டும் என்று அடம்பிடித்து, அண்ணியோடு ஊரின் மறுகோடிக்குப் போனாள்.

டாக்டர் அவள் காலைத் தூக்கிப் பார்த்தார், முட்டியைத் தட்டிப் பார்த்தார். "நரம்புக்கு ஒண்ணுமில்ல. தசைப்பிடிப்புதான். ஆபரேஷனெல்லாம் வேண்டாம்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"தினமும் இந்த அஞ்சு பயிற்சியையும் செய்யுங்க. பெரிய ஆஸ்பத்திரி பிசியோதெரபிஸ்ட் ஒருத்தர் தயாரிச்சது. எல்லாருக்கும் இதைத்தான் கொடுக்கறேன்" என்று படங்கள் போட்ட தாள் ஒன்றை நீட்டினார்.

தாளை எட்டிப் பார்த்த அண்ணி வாய்விட்டுச் சிரித்தாள்.

"டாக்டர், இந்தப் படங்களுக்குத் தரையில படுத்து போஸ் கொடுத்ததே நான்தான். வரைஞ்ச பிசியோதெரபிஸ்ட் இதோ, உங்க முன்னாடி நிக்கறா!"

அன்றைய பக்கத்தின் அடியில் அவள் எழுதினாள்: 'நாளை காலை: ஊருக்குச் சொன்ன ஐந்தையும் நானே செய்ய வேண்டும்.'