உயரம் மட்டும்

“வேதத்துல நரக நெருப்புன்னு எழுதியிருந்தா நிஜ நெருப்புன்னு அர்த்தம் இல்லம்மா” என்றார் போதகர். “ஊருக்கு வெளியே ஒரு பள்ளத்துல எந்நேரமும் குப்பை எரிஞ்சுட்டிருக்கும். கேக்கறவங்களுக்குப் புரியட்டும்னு அதைக் காட்டிச் சொன்னது.”

சவப்பெட்டிக்குள் விரிக்கும் வெள்ளைத் துணியைத் தைத்துக்கொண்டிருந்தவள் மெஷினை நிறுத்தினாள். பெட்டி சொல்ல வீட்டார்தான் வருவார்கள். போதகர் இந்தக் கடைப்படி ஏறியது இதுவே முதல் தடவை.

“சாகாத புழுன்னு வருதே?”

“அதுவும் அப்படித்தான். உள்ளுக்குள்ள அரிக்கிற வேதனை.”

“தானா உயிரை விட்டவனுக்கும் நெருப்பு இல்லையா?”

“பெத்த பிள்ளையை எந்தத் தகப்பனாவது தூக்கி நெருப்புல போடுவானா?” கையோடு கொண்டுவந்திருந்த நீலச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டார்.

அவளுக்குக் கண் நிறைந்தது. அவள் மகனின் அடக்கத்தில், “எரிந்துகொண்டே இருப்பான், உவமை என்று ஏமாறாதீர்கள்” என்று முழங்கியவர் இவர்தான். அன்றிலிருந்து அவள் அடுப்பே பற்றவைப்பதில்லை. அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் வந்திருக்கிறார்!

பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றி நீட்டினாள். “ஆறிப்போச்சு ஐயா. நம்ம கடையில சூடா எதுவும் கிடைக்காது.”

அவர் சிரிக்கவில்லை. மடியில் இருந்த சட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தீங்களா?”

“ஒரு பெட்டியும் வேணும்மா.”

அந்தக் கடையில் யாருக்கு என்று கேட்கும் வழக்கமில்லை. பெயர் தெரிந்தால் தையல் கோணிப்போகும். உயரம் மட்டும் கேட்பாள்.

“உயரம் சொல்லுங்க ஐயா.”

சட்டையை மேஜைமேல் விரித்தார். “உங்க பையன் உயரம்தான். ரெண்டு பேரும் எங்க வீட்டுச் சுவர்லதானே கோடு போட்டு அளந்துக்குவாங்க?” உதட்டைக் கடித்துக்கொண்டார். “என் பையனும் அதே மாதிரி... அவனாவே போயிட்டாம்மா.”

அவள் அளவு நாடாவை எடுக்கவில்லை. சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“நெருப்பு இல்லன்னு, அன்னிக்குப் பேசின அதே சத்தத்துல, என் பையன் கல்லறையிலயும் வந்து சொல்லுங்க ஐயா.”