ஒரே விலைக்கு இரண்டு பயணம்

“ஒத்தப் பயணமா, வண்டி மாறிப் போறதா, அத்தை?”

மஞ்சள் தொப்பி போட்ட இளைஞன் பஸ் கார்டை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டே கேட்டான்.

எர்மினியாவுக்கு இரண்டும் விளங்கவில்லை. தெமுக்கோ ஊர்ச் சந்தையில் பாலாடைக்கட்டி விற்கிறவள். தலைநகரம் சாண்டியாகோவில் வந்து இறங்கி அரைமணிகூட ஆகவில்லை. ஊரில் காசைக் கொடுத்தால் பஸ் ஏறலாம். இங்கே டிரைவர் காசைத் தொடமாட்டாராம், கார்டுதானாம். கார்டு விற்கிற கடை முன்னால் வரிசை தெருமுனை வரை நின்றது.

அதில் போய் நிற்க அவளுக்கு நேரமில்லை. பதினாலு வயசு மகள் ரயேனை நேற்றே ஆம்புலன்சில் இங்கே அனுப்பியாகிவிட்டது. பன்னிரண்டு மணிக்குள் தாய் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் ஆபரேஷன் முறை அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

“பெரியாஸ்பத்திரிக்கு எது வேணும்?”

“நடுவுல ஒரு வண்டி மாறணும். அதுக்கு வெலை ஜாஸ்தி. என் கார்டைத் தட்டி ஏத்தி விடறேன்.”

“ஒத்தப் பயண வெலைக்கு மாறிப் போறதைக் குடு. இல்லேன்னா அந்தப் பக்கம் நிக்கறவன்கிட்ட போறேன்.”

“வயித்துல அடிக்கிறீங்களே அத்தை.”

“அடிக்கலை, தடவிக் குடுக்கறேன். எடு கார்டை.”

பஸ் வந்தது. அவன் படியில் தொற்றிக் கார்டைக் கதவோரத்து எந்திரத்தில் தட்டினான். அது கர்ர் என்றது. “ஆச்சு, உள்ள போங்க” என்று காசை வாங்கிக்கொண்டு குதித்துவிட்டான். பின்னால் ஏறியவர்கள் தட்டத் தட்ட எந்திரம் டிங், டிங் என்றது.

எர்மினியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். தலைநகரத்துக்காரனையே மடக்கியாயிற்று.

நீலக் கோட்டு போட்ட, தலை நரைத்த ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அவன்கிட்ட எவ்வளவு குடுத்த?”

“நீ யாரு கேக்கறதுக்கு?”

“சொல்லேன்.”

“ஒத்தப் பயண வெலைதான். மாறிப் போறதும் அதிலேயே சேர்த்தி.”

நீலக் கோட்டு சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. “அவன் கார்டுல ஏறிட்டு எப்படி வண்டி மாறுவ? அந்தக் கார்டு உன்கூட வருதா?”

எர்மினியாவுக்குச் சுருக்கென்றது.

“ஊர்லேர்ந்து வர்றவங்க கண்ணை மூடிக்கிட்டுக் குடுக்கறதாலதான் அவன் தினம் அங்கேயே நிக்கறான். நாலு பேர் குடுக்காம விட்டா எங்கயாவது வேலைக்குப் போவான்.”

“உனக்கு ஏன் எரியுது? அவன் கூட்டாளியா நீ? பங்கு வரலையா?”

நீலக் கோட்டின் முகம் கறுத்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“பேசாதே. என் பொண்ணு ஆஸ்பத்திரியில கெடக்கா. இன்னொரு வார்த்தை பேசினே, நடக்கறதே வேற.”

நீலக் கோட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த நிறுத்தத்தில் பரிசோதகர் ஏறினார். கூடவே ஒரு போலீஸ்காரர். கதவு மூடிக்கொண்டது.

“கார்டைக் காட்டும்மா.”

“கார்டு இல்லைங்க. ஒருத்தன் தட்டி ஏத்தி விட்டான். மஞ்சள் தொப்பி.”

“தட்டினப்ப என்ன சத்தம் வந்துச்சு?”

“கர்ர்னு.”

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“அது காசில்லாத கார்டும்மா. டிங்னாதான் பணம் போயிருக்குன்னு அர்த்தம். இறங்குங்க. அடையாள அட்டை பாத்து அபராதம் எழுதணும்.”

“எவ்வளவு நேரமாகும்?”

அவர் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். நடைபாதையில் ஏற்கெனவே பிடிபட்டவர்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

எர்மினியா கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பேரம் பேச வாய் வரவில்லை.

“ஐயா, பன்னிரண்டு மணிக்குள்ள நான் போகலேன்னா என் பொண்ணு…”

“நாங்க ஏறினா எல்லாருக்கும் ஆஸ்பத்திரியில ஒரு ஆள் இருக்கும்மா.”

போலீஸ்காரர் நெருங்கி வந்தார்.

“அந்தத் தொப்பிக்காரனை இங்க யாருக்காவது தெரியுமா?” பரிசோதகர் பொதுவாகக் கேட்டார்.

நீலக் கோட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்க கார்டு?”

தலையைத் திருப்பாமலே நீட்டினாள். பரிசோதகர் கைக்கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

“அடுத்தடுத்து ரெண்டு தடவை தட்டியிருக்கு. இன்னொண்ணு யாருக்கு?”

“இந்த வாயாடிக்குத்தான். சொல்ல விட்டாளா?”

பரிசோதகர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். போலீஸ்காரரிடம் தலையை ஆட்டிவிட்டுப் பின்பக்கம் நகர்ந்தார்.

பஸ் கிளம்பியது. எர்மினியா இடுப்புப் பையைத் திறந்து காசை எடுத்தாள். நீலக் கோட்டு அவள் கையைத் தள்ளிவிட்டுத் தன் கார்டை எர்மினியாவின் மடியில் வைத்தாள்.

“நான் இறங்கற எடம் வந்தாச்சு. வண்டி மாறறப்ப இதைத் தட்டு. டிங்னு கேக்கணும்.”

“அவ்வளவு ஏசினேனே. என்னை யாருன்னுகூட உனக்குத் தெரியாது. எதுக்கு இதெல்லாம்?”

நீலக் கோட்டு கம்பியைப் பிடித்து எழுந்தாள். கதவு திறந்தது.

“உன்னைத் தெரியாதுதான். அந்த மஞ்சள் தொப்பி, போன பிறந்தநாளுக்கு நான் அவனுக்கு வாங்கிக் குடுத்தது.”