பௌர்ணமிக்கு வருகிறவர்

ஓவியா சோபாவில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டு டீப்பாயின் மேல் நீட்டியிருந்தாள். உள்ளங்கால் இரண்டும் அப்பாவின் முகத்துக்கு நேரே இருந்தன.

பதினோரு வயதுதான். ஆனால் என்ன திமிர்!

பள்ளிக்கூடம் எப்படிப் போகிறது என்று கேட்டார் அன்பரசன். தோளைக் குலுக்கினாள். சாப்பிட்டாயா என்றார். உச்சுக் கொட்டிவிட்டு மறுபடி செல்போனில் கண்ணைப் பதித்துக்கொண்டாள்.

அடுப்படியிலிருந்து பார்த்த அம்மா தனத்துக்கு மானம் போனது. நீங்களாவது ரெண்டு வார்த்தை கண்டிக்கக் கூடாதா என்று அவரிடம் அலுத்துக்கொண்டாள்.

அவர் சிரித்து மழுப்பினார். பெரிய பொறுமைசாலி. இந்த வீட்டில் அவர் குரல் ஒருமுறைகூட உயர்ந்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. மகள் வாய் நிறைய அப்பா என்று கூப்பிட வேண்டும். அதற்காகத்தான் சைக்கிள், இப்போது இந்தச் செல்போன். இன்னும் கூப்பிட்டபாடில்லை.

அவருடைய போன் அடித்தது. வேலூரிலிருந்து அவர் மனைவி.

மாதம் தவறாமல் கிரிவலம் போகிற புருஷன் என்று அந்த அம்மாளுக்குத் தெருவில் தனி மரியாதை. புருஷனோ மலைப்பக்கம் எட்டிப் பார்ப்பதுகூட இல்லை. ஊருக்குள் வருமுன்னே வேங்கிக்காலிலேயே பஸ்ஸை விட்டு இறங்கி நேரே தனத்தின் வீட்டுக்கு வந்துவிடுவார்.

வேலூர் வீட்டில் மகன் எழில், தாத்தா முன்னால் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு எதிர்த்துப் பேசுகிறானாம். போனை அவனிடம் கொடுக்கச் சொன்னார் அன்பரசன். முகமே மாறிவிட்டது.

"டேய்! காலைக் கீழ எறக்குடா! நிமிந்து உக்காரு! அப்பன்னு ஒருத்தன் இருக்கறது மறந்துபோச்சா? வந்தேன்னா தோலை உரிச்சிடுவேன்!"

தனம் கரண்டியும் கையுமாக நின்றுவிட்டாள். இப்படி ஒரு குரல் அவருக்கு இருப்பது அவளுக்கே தெரியாது.

ஓவியாவின் கால்கள் டீப்பாயிலிருந்து இறங்கின.

செல்போனைத் தள்ளி வைத்தாள். முதுகை நிமிர்த்தி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்தாள். பயந்துதான் போயிருந்தாள். பயத்தைவிட ஆசைதான் அதிகமாக இருந்தது. தன்னையும் ஒரு வார்த்தை திட்டுவாரா என்று காத்திருந்தாள்.

போனை வைத்த அன்பரசன் அவளைப் பார்த்துப் பதறிப்போனார்.

"ஐயோ, உன்னைச் சொல்லலம்மா. நீ தாராளமா காலை நீட்டிக்கோ."