ஆளுக்கொரு பெட்டி

பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு பெட்டிகூட இல்லை.

பிள்ளைகள் உட்காரும் வாங்குகள் சுவரோரம் ஒதுக்கிக் கிடந்தன. கரும்பலகையில் யாரோ பாதி அழித்துவிட்டுப் போன பெருக்கல் கணக்கு. அவ்வளவுதான்.

அழகம்மா கையிலிருந்த வெறும் உரப்பையை ஒருமுறை உதறினாள். பிறகு திலக்ஷனைப் பார்த்தாள்.

"எங்கடா பொட்டி?"

அவன், கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து ஏறி வரும் படிகளையே பார்த்துக்கொண்டு வாசலில் நின்றான். இன்னும் ஆட்கள் தூறலில் நனைந்தபடி வந்துகொண்டிருந்தார்கள். நடக்க முடியாத கிழவர் சோலைமலையைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தியபடியே தூக்கி வந்திருந்தார்கள். தொப்புள் காயாத ஒரு குழந்தையும் வந்திருந்தது.

ஆளுக்கொரு நிவாரணப் பெட்டி, அரிசி, பருப்பு, டின்மீன், ஆளைக் காட்டினால்தான் தருவார்கள் என்று வீடு வீடாக, காம்பரா காம்பராவாகப் போய்ச் சொன்னவன் அவன்தான். வழக்கம்போலக் குடும்பத்துக்கு ஒன்று என்று சொல்லியிருந்தால் வீட்டுக்கு ஒருவர்தான் வந்திருப்பார்.

நோர்வூட் பஸாரில் அன்ஸார் நானாவின் போன் கடையில் அவனுக்கு வேலை. கடையில் ஆளில்லாத நேரமெல்லாம் செயற்கைக்கோள் அனுப்பும் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். மேலிருந்து பார்த்தால் இந்தத் தீவு, யாரோ தண்ணீரில் நழுவவிட்ட ஒற்றைத் தேயிலைக் கொழுந்து. அதன்மேல் மேகம் பாலைப்போலப் பரவும். அந்த உயரத்திலிருந்து பார்க்கும்போது, அது யாரையும் கொல்லும் என்றே தோன்றாது.

இன்று காலை அந்தப் பால் சிவந்திருந்தது.

கனத்த மேகத்தைச் சிவப்பாகக் காட்டும் படம் அது. கிழக்குக் கடலிலிருந்து ஒரு சிவப்புச் சுழி மலைநாட்டின் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. நாள்கணக்காக நசநசத்த மழையில் லயத்துக்குப் பின்னாலிருந்த மலை ஏற்கெனவே ஊறிப்போயிருந்தது. மண்ணில் விரலை வைத்தால் விரல் உள்ளே போனது.

உண்மையைச் சொல்லியே ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்திருக்கிறான். போன ஐப்பசியில் இதேபோலொரு படத்தைக் காட்டி எல்லாரையும் இங்கே கொண்டுவந்து படுக்க வைத்தான். விடியும்வரை ஒரு துளி விழவில்லை. திரும்பிப் போனால் கோழிக்கூடுகள் காலி. கொண்டுபோனது மரநாயா மனுஷனா என்று இன்றுவரை தெரியாது. அன்றிலிருந்து லயத்தில் அவனுக்குப் பெயரே சாட்டலைட்டு.

தோட்டத் தலைவர் சுதாகரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவன் சட்டையைப் பிடித்தார்.

"டேய் சாட்டலைட்டு, பச்சப்புள்ளகாரியக்கூட நனைய வச்சு இழுத்துட்டு வந்திருக்க. எங்க வயித்துலயாடா வெளையாடுற?"

"மழ வருது தலைவரே. பெரிய மழ. மல எறங்கிரும்."

"எங்க, ஒன் போனுக்குள்ளயா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சிரித்தார்கள். நல்ல சிரிப்பு இல்லை.

கன்னத்தில் விழுந்த முதல் அறை அழகம்மாவுடையது. "இது என் கோழிக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு யார் அடித்தார்கள் என்று அவன் பார்க்கவில்லை. ஒருவர் முதுகில் குத்தினார். ஒருவர் போனைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தார். வலித்தது. ஆனால் அடிக்கிறவர்கள் எல்லாரும் இங்கே இருக்கிறார்கள், அது போதும் என்றிருந்தது அவனுக்கு. அவர்கள் தோள்களுக்கு மேலே எட்டி எட்டி, மண்டபத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடினான். லயத்தின் கடைசி வீடான தொங்கல் காம்பராக்காரர்கள் இருந்தார்கள். தண்ணீர்ப் பீலிக்கரை வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். கதிரையில் சோலைமலை வாயைத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தார்.

படிகளில் இப்போது யாரும் ஏறி வரவில்லை.

தகரக் கூரையில் கல்லை அள்ளிக் கொட்டியதுபோல மழை இறங்கியது. பேசினால் கேட்காது. சுதாகரன் அவன் காதருகே குனிந்து கத்தினார்.

"எங்க நிவாரணம் குடுத்தாலும் மொத ஆளா நிப்பாரு ஒங்கப்பன் பழனியாண்டி. இன்னைக்கு அவரக் காணோம் பாத்தியா? பெத்தவருக்குத் தெரியும்டா ஒன் லச்சணம்!"

திலக்ஷன் அவர் கையை உதறிவிட்டு வாசலுக்குப் பாய்ந்தான்.

"ஓடப் பாக்குறான், புடிங்க!"

நான்கைந்து கைகள் அவன்மேல் விழுந்தன. சட்டை கிழிந்தது. யாரோ அவன் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு இறுக்கினார்கள்.

"விடுங்க! அப்பா கீழ இருக்காரு! விடுங்க!"

"இருக்கட்டுமே" என்றாள் அழகம்மா. "புத்தியுள்ள மனுஷன். நனையாம இருக்காரு."

அப்போது கீழேயிருந்து ஒரு சத்தம் எழுந்தது. கருங்கல் ஏற்றிய லொறி ஒன்று கவிழ்வதுபோல. கவிழ்ந்து முடியாமல், கவிழ்ந்துகொண்டே இருப்பதுபோல. மண்டபத்தின் தரை நடுங்கியது. கதிரையில் தூங்கியவர் விழித்துக்கொண்டார்.

கழுத்தைச் சுற்றியிருந்த கை தானாகத் தளர்ந்தது. திலக்ஷன் ஓடவில்லை.

சற்று முன்பு லயம் முழுக்கக் கூசாமல் பொய் சொல்லிக்கொண்டு போனவனுக்கு, சொந்த வீட்டு வாசலில் மட்டும் நாக்கு எழவில்லை. அப்பா உரப்பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தயாராக நின்றிருந்தார்.

"பொட்டியெல்லாம் இல்லப்பா. மழப் படத்தப் பாத்தேன். அதான் எல்லாரையும் மேல அனுப்புறேன். நீங்களும் வாங்க."

அவர் சிரித்தார். உரப்பையைக் கீழே போட்டுவிட்டு, உள்ளே போய்க் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தார்.