அங்கே மட்டும் போயிடாதீங்க

"வசந்த விழாவுல எங்க வேணா போங்க. பூக் கண்காட்சியா, போங்க. சைக்கிள் பந்தயமா, தாராளமா போங்க. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அந்தப் பெரிய ஹால் பக்கம் மட்டும் தலைவச்சும் படுக்காதீங்க!"

கேன்டீன் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, மீதிச் சில்லறையோடு இதையும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள் கல்லாம்மா. அந்தப் பல்கலைக்கழகத்தில் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் அவள் கல்லாம்மாதான்.

"ஏன், அங்க என்ன?" என்றாள் ஒரு மாணவி.

"என் மருமக பேசறா."

வரிசையில் நின்ற அத்தனை தலையும் திரும்பியது.

"மருமக பேசறாங்கன்னா போக வேணாங்கறீங்க?"

"எதைப் பத்திப் பேசறான்னு கேளு முதல்ல. பாசி! செவுத்துல வழுவழுன்னு ஒட்டிக்கிட்டுக் கிடக்குமே, அது. என்கிட்ட விட்டா ஒரு கை பிளீச்சிங் பவுடர்ல கதையை முடிச்சிடுவேன். மகராணி அதை டப்பா டப்பாவா வளர்க்கறா. என் சமையலறை ஜன்னல்ல துணி காயப்போட இடமில்ல."

பக்கத்து மேஜையில் காபி குடித்துக்கொண்டிருந்த பல்கலைக்கழக பஸ் டிரைவருக்குச் சுருக்கென்றது.

அவருக்கு விஷயம் தெரியும். பஸ்ஸில் பேசாத பேச்சா? போன வசந்த விழாவில் அந்தப் பெண் பேசியபோது ஹாலில் ஈ ஓட்டினார்கள். இந்த வருஷமும் அப்படியே ஆனால் நீ நடத்தும் பாசிப் பாடத்தையே நிறுத்திவிடுவோம், உன் வேலையும் அதோடு போச்சு என்று துறைத் தலைவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

பிழைக்கிற பெண் வயிற்றில் மாமியாரே அடிப்பாளா?

அடித்தாள். தினமும் அடித்தாள்.

"கேட்டீங்களா கூத்தை? காஞ்சு கருகி, வருஷக்கணக்கா பெட்டியில கிடந்த பாசியாம். மேடையில வச்சுத் தண்ணி தெளிப்பாளாம். பாத்துக்கிட்டு இருக்கும்போதே பச்சை பிடிச்சு விரிஞ்சுக்குமாம். யார் காதுல பூ சுத்தறா?"

"நிஜமாவா? உயிர் வந்துடுமா?"

"எனக்கென்ன தெரியும்? நான் என்ன போகவா போறேன்?"

டிரைவருக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்களிடம் சொல்ல ஆரம்பித்தார்.

"ஒரு மாமியார் பேசற பேச்சா இது? அந்தப் பொண்ணுக்கு நாம இருக்கோம்னு காட்ட வேணாமா?"

"எங்க வீட்லயும் இதே மாதிரி ஒண்ணு உக்காந்திருக்கு. நான் கண்டிப்பா வரேன்" என்றாள் நூலகத்தில் வேலை பார்ப்பவள்.

"மாமியாரை விடுங்க. எனக்கு அந்தப் பாசி எந்திரிக்குதா இல்லையான்னு பாத்தாகணும்" என்றான் பின்சீட்டில் ஒருவன்.

வியாழக்கிழமை சாயங்காலம் மருமகளே பஸ்ஸில் ஏறினாள். மடியில் டப்பா, டப்பாவில் பாசி.

"உங்க அத்தை கேன்டீன்ல என்ன பேசறாங்கன்னு தெரியுமா மேடம்?"

"தெரியும். வழியில நிறுத்தி ஆளாளுக்கு ஆறுதல் சொல்றாங்க."

"நீங்க கேக்கலையா?"

"என்னன்னு கேக்கறது? வீட்ல ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினதில்ல. எனக்குப் பிடிச்சதாப் பாத்துச் சமைச்சு வைக்கறாங்க. வெளியில போய் இப்படி..." டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். "நாளைக்கு யாரும் வரலேன்னா..."

டிரைவர் ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

வெள்ளிக்கிழமை. நாலு மணி ஆகவில்லை, ஹால் பிதுங்கியது. படிக்கட்டில் உட்கார்ந்தார்கள், ஜன்னலில் தொற்றிக்கொண்டார்கள். துறைத் தலைவருக்கே நாற்காலி கிடைக்கவில்லை; சுவரோரம் சாய்ந்து நின்றார். யாரும் கேட்காமலே வாசல் காவலுக்கு நின்றுகொண்டார் டிரைவர்.

பேச்சு பாதி நடக்கும்போது, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள் கல்லாம்மா.

டிரைவர் குறுக்கே கையை நீட்டினார்.

"வாங்க. வெளியில பேசினது பத்தாதுன்னு உள்ள வேற வந்து கெடுக்கணுமா? இடமில்ல."

"நிஜமாவே இல்லையா?"

"துறைத் தலைவரே நிக்கறார்."

"அவருக்கே இடமில்லையா!" கல்லாம்மா மூச்சு வாங்க வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே திடீரென்று ஒரு அமைதி. அப்புறம் கூட்டம் முழுக்க ஒரே குரலாக "ஓ..." என்றது. கைதட்டல் கூரையில் மோதியது.

"தண்ணி தெளிச்சிட்டா போலிருக்கு" என்றாள் கல்லாம்மா. "சட்டுனு விரிஞ்சிருக்குமே! எத்தனை தடவை பாத்தாலும் எனக்கு அலுக்கறதில்ல."

டிரைவருக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை.

"அப்புறம் ஏன்மா அந்தப் பொண்ணை ஊரெல்லாம் அப்படித் தூத்தினீங்க?"

கல்லாம்மா கதவிடுக்கில் தெரிந்த மருமகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"போன வருஷம், என் மருமக மாதிரி உண்டா, வந்து கேளுங்கன்னு இதே வாயால ஒவ்வொருத்தரா கூப்பிட்டேன். உன்னையும்தான் கூப்பிட்டேன். நீ வந்தியா தம்பி?"